மேல்நாவல்பட்டுச் சாலையில் எட்டுப் பேர்

இருசப்பன் அண்ணனைப் பற்றி எழுதுவதென்றால் முதலில் என் தவறைச் சொல்லிவிட வேண்டும். வாகனக் கணக்கெடுப்புப் படிவத்தில் ‘வண்டி எண்’ என்று ஒரு கட்டத்தை வைத்தது நான்தான். யாரும் வைக்கச் சொல்லவில்லை. பழைய படிவம் ஒன்றை எடுத்து, தலைப்பை மட்டும் மாற்றி, அப்படியே அச்சடித்துவிட்டேன். கட்டம் நிறைய இருந்தால் படிவம் பார்க்க எடுப்பாக இருக்கும் என்று ஒரு நினைப்பு வேறு. அந்த ஒரு கட்டத்தால் ஒரு ஊருக்கு வரவேண்டிய பஸ் வராமல் போனது.

என் பெயர் செந்தமிழ்ச்செல்வி. கள்ளக்குறிச்சியில் ஒரு திட்ட அலுவலகத்தில் கணினி இயக்குபவள். ஒப்பந்த வேலை. மாவட்டம் தனியாகப் பிரிந்த பிறகு ஊர்கள் வளர்ந்துகொண்டே போகின்றன, பஸ்ஸும் நெட்டும் மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கின்றன என்று ஆளாளுக்குப் புலம்பினார்கள். எந்தச் சாலைக்கு முதலில் பஸ், எந்த ஊருக்கு முதலில் கேபிள் என்று திட்டம் போடும் வேலை எங்களிடம் வந்தது. விதி எளிமையானது. எந்தச் சாலையில் ஜனம் அதிகம் போய்வருகிறதோ அதை அகலப்படுத்திப் பஸ் விடுவது. சாலைக்குத் தோண்டும்போதே ஓரத்தில் இன்டர்நெட் கேபிளையும் போட்டு மூடிவிடுவது. காட்டுப் பகுதியில் கேபிளுக்கென்று தனியாகத் தோண்ட அனுமதி வாங்குவதற்குள் நமக்குத் தலை நரைத்துவிடும். ஆகவே மலை ஊர்களுக்கு ஆள் கணக்கு வந்தால் இரண்டும் வரும். கணக்கு வராவிட்டால் இரண்டும் கிடையாது.

சாலைச் சந்திப்புகளில் உட்கார்ந்து ஆட்களை எண்ணுவதற்குத் தினக்கூலிக்கு ஆள் எடுத்தோம். அப்படி வந்தவர்தான் இருசப்பன் அண்ணன். கச்சிராயபாளையத்துக்காரர். வயது ஐம்பத்தாறு. அப்பா கரும்பு வெட்டும் கூலி. இவர் பதினாறு வயதில் ஜீப்புக்குக் கிளீனராக ஏறி, பிறகு ஓட்டுநராகி, இருபத்திரண்டு வருஷம் கல்வராயன் மலைக்கு ஜீப் ஓட்டியவர். வெள்ளிமலைக்குப் போகும் பெரிய சாலையில் பஸ் உண்டு. அதிலிருந்து கிளை பிரியும் ஊர்களுக்கு ஜீப்தான் கதி. எந்த வளைவில் யாருக்கு வாந்தி வரும் என்பதுவரை அவருக்குத் தெரியும். சர்க்கரை வியாதி கண்ணைக் கெடுத்த பிறகு வண்டியை விட்டுவிட்டார். தூரத்தில் வருவது தெரியும், ராத்திரியில் எதிர் வெளிச்சம்தான் ஆகாது. எண்ணுகிற வேலைக்கு அது போதும் என்று எங்கள் திட்ட அலுவலர் சிவசங்கர் சார் அவரையே மலைச் சாலைக்குப் போட்டார்.

அவர் ஓட்டிய காலத்தில் ஒரு சம்பவம். எட்டுப் பேருக்குப் பர்மிட் உள்ள ஜீப்பில் பத்தொன்பது பேரை ஏற்றிக்கொண்டு வரும்போது பிடித்துவிட்டார்கள். ஜீப் நாற்பது நாள் காவல் நிலைய வாசலில் வெயிலில் நின்றது. முதலாளி வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். வேறொரு ஜீப் கிடைக்க வெகுநாள் ஆனது. அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு தடவைதான் பேசியிருக்கிறார்.

“என் பொழப்பு போனது பெரிசு இல்ல செல்வி. மேல்நாவல்பட்டுக்கு அந்த ஒரு வண்டிதான் அப்ப. நாப்பது நாளும் அந்த ஜனம் நடந்துச்சு. புளி மூட்டைய தலைல வெச்சிகினு, வவுத்துப் புள்ளக்காரிங்களும் நடந்தாங்க. நான் எதிருல பாத்தா மூஞ்சியத் திருப்பிக்குவேன்.”

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். அப்படிப்பட்ட மனுஷன் கையில் ‘வண்டி எண்’, ‘ஆட்கள் எண்ணிக்கை’ என்று பக்கத்துப் பக்கத்தில் கட்டம் போட்ட படிவத்தைக் கொடுத்து, எழுது என்று உட்காரவைத்தேன் நான்.

மேல்நாவல்பட்டுக் கிளைச் சாலை பெரிய சாலையில் வந்து சேரும் இடத்தில் ஒரு செக்போஸ்ட் இருக்கிறது. அதன் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, குடை கட்டி, மூன்று நாள் எண்ணினார். நான்காம் நாள் படிவங்களைக் கொண்டுவந்தார். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. நான் கணினியில் ஏற்றிக்கொண்டே வந்தேன். ஜீப், எட்டு. ஜீப், எட்டு. ஜீப், எட்டு. இரண்டு பக்கம் தாண்டியும் எட்டுதான்.

“இன்னாண்ணா, மலையில எல்லாம் எண்ணி எண்ணித்தான் ஏறுதுங்களா? ஒருத்தர் கூடக் கூடாதா, ஒருத்தர் கம்மி ஆவக் கூடாதா?” என்று கேலியாகக் கேட்டேன்.

அவர் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “பர்மிட்டு எட்டு. எட்டுதான் ஏறுச்சி.”

பொய் என்று எனக்குத் தெரிந்தது. அந்தப் பக்கம் ஜீப்பைப் பார்க்காதவளா நான்? பின்னால் ஏணியில் நாலு பேர் தொங்குவார்கள், மேலே மூட்டைக்கு நடுவில் இரண்டு பேர் இருப்பார்கள். ஆனால் மறுநாள் கடைசித் தேதி. மாவட்டம் முழுக்க நாற்பத்தோரு சந்திப்புகளின் படிவங்கள் என் மேஜையில் குவிந்திருந்தன. இதைக் கிளப்பினால் மூன்று நாள் வேலை கூடும். எனக்கென்ன வந்தது என்று என்டர் தட்டிவிட்டேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல இருக்கிறது. அவர் பயந்து எழுதினார், நான் சோம்பலில் ஏற்றினேன். இரண்டில் என்னுடையதுதான் மோசம்.

நாலு மாதம் கழித்துப் பட்டியல் வந்தது. கிழக்கே இரண்டு கிளைச் சாலைகளுக்குப் பஸ், கேபிள் இரண்டும். மேல்நாவல்பட்டுக்கு நேராக ‘தேவை குறைவு’ என்று இரண்டே வார்த்தை. பட்டியலை அலுவலகப் பலகையில் ஒட்டியபோது இருசப்பன் அண்ணன் வேறு வேலையாக வந்திருந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். மறுபடி படித்தார். கிளம்பிப் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து என் வீட்டுக்கே வந்துவிட்டார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

“ஆயம்மா வந்துச்சி செல்வி, என் வூட்டுக்கு” என்றார்.

ஆயம்மாள் மேல்நாவல்பட்டுக்காரி. நூறு நாள் வேலையில் ஆள் கணக்கு எடுக்கும் பொறுப்பு அவளுக்கு. வேலைக்கு வந்தவர்களைப் போனில் படம் எடுத்து அன்றன்றைக்கு ஏற்ற வேண்டும். ஊரில் சிக்னல் கிடையாது. ஒரு மைல் ஏறி வழுக்குப் பாறை மேல் நின்று போனைத் தூக்கிப் பிடிப்பாள். ஏறினால் கூலி. ஏறாவிட்டால் அத்தனை பேருடைய அன்றைய பாடும் வீண், ஏச்சு மட்டும் ஆயம்மாளுக்கு. மழை நாளில் அந்தப் பாறையில் இரண்டு தடவை விழுந்து முட்டி பெயர்ந்திருக்கிறது. கேபிள் வந்துவிட்டால் பாறை ஏற வேண்டாம் என்று அவள் எல்லாரையும்விட ஆசையாக இருந்திருக்கிறாள்.

“எங்க ஊருல ஆளே இல்லன்னு எழுதிட்டாங்களாமேண்ணா, யாருண்ணா அந்தப் பாவின்னு என்னாண்டயே கேக்குது. எங்க வூட்டுக்காரி அம்சவள்ளி காபி குடுக்குறா. நான் குத்துக்கல்லாட்டம் குந்திக்கினு இருக்கேன்.”

“ஏண்ணா எட்டுன்னு எழுதுனீங்க?”

“வண்டி நம்பரு எழுதச் சொல்லியிருந்தியே. நம்பரு எழுதி, பக்கத்துல இருவதுன்னு எழுதுனா? சர்க்காரு பேப்பரு. நாளைக்கே ஒருத்தன் இத எடுத்துகினு வந்து இப்ப அங்க ஜீப் ஓட்டுற ராசு வண்டிய நிறுத்த மாட்டானா? மறுபடி அந்த ஜனம் நடக்கணுமா? ராசு கூட அன்னிக்கு என்னைப் பாத்துட்டு முழிச்சான். பயப்படாதடா, எட்டுன்னுதான் எழுதிக்கினு இருக்கேன்னு நானே சொன்னேன். இது பஸ்சுக்கான கணக்குன்னு தெரியும். ஆனா கணக்குன்னாலே புடிக்கறதுக்குத்தான்னு என் புத்தியில ஊறிப்போச்சி.”

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. ஆனால் சிரிக்க முடியவில்லை. அந்த நம்பர் கட்டத்தை நான் சும்மா அழகுக்கு வைத்தேன் என்று சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். “ஒனக்கு இன்னா தெரியும் பாப்பா” என்றார்.

மறுநாள் அவரே சிவசங்கர் சார் முன்னால் போய் நின்றார். தான் எழுதியது பொய்க் கணக்கு, ஒவ்வொரு ஜீப்பிலும் பதினெட்டுக்கும் இருபதுக்கும் குறையாமல் ஆள் இருந்தார்கள் என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சாருக்குக் கோபம் வந்தது. வராமல் என்ன செய்யும்?

“ஒங்கள நம்பித்தானேய்யா அந்த ரோட்டுக்குப் போட்டேன்” என்றார்.

“ஆமாங்க சார். தப்புங்க. எனக்கு வேலை வேணாங்க. அந்த ஊருக்கு இன்னொரு தபா எண்ணிப் பாருங்க.”

சார் நல்ல மனுஷன். ஒரு வாரம் மேலே பேசி, மறு கணக்கெடுப்புக்கு அனுமதி வாங்கிவிட்டார். அதற்கு இரண்டு நிபந்தனைகள். ஆள் வைத்து எண்ணக் கூடாது, செக்போஸ்ட் கம்பத்தில் கேமரா கட்டி மூன்று நாள் படம் எடுக்க வேண்டும். இரண்டாவது, ஊருக்கு முன்கூட்டித் தெரியக் கூடாது. தெரிந்தால் சும்மா இருப்பவர்களையும் திரட்டி ஏற்றிவிடுவார்கள் என்ற பயம். இருசப்பன் அண்ணன் செக்போஸ்ட் பக்கமே தலைகாட்டக் கூடாது, யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். அண்ணன் தலையாட்டினார். சொன்னபடியே இருந்தார். அவர் வாழ்க்கையில் சர்க்கார் சொன்னதை அப்படியே கேட்டது அந்த ஒரு தடவைதான். ஒரு பேச்சு பேசியிருந்தால் போதும் என்று இப்போது தோன்றுகிறது.

கேமரா வைத்த மூன்றாம் நாள் எனக்கு விடுமுறை. கச்சிராயபாளையத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். மனுஷன் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

“மூணு நாளா இப்படித்தான். சோறும் எறங்கல, தூக்கமும் இல்ல” என்றார் அம்சவள்ளி அக்கா.

“செக்போஸ்ட்டாண்டதான போவக் கூடாது? கீழே ரோட்டோரமா நின்னு வண்டி எறங்கி வர்றதப் பாக்கலாமில்ல?” என்றார் அண்ணன்.

பார்க்கலாம்தான். எனக்கும் ஆசை. என் ஸ்கூட்டியில் அவரை ஏற்றிக்கொண்டு அணைப் பக்கம் தாண்டி மலையடிவாரத்தைப் பிடித்து ஏறினேன். செக்போஸ்ட்டுக்கு இரண்டு வளைவு கீழே, புளியமரத்தடியில் நிறுத்தினோம். அங்கே ஏற்கனவே ராசுவின் ஜீப் நின்றது. உள்ளே ராசுவையும் சேர்த்து எட்டுப் பேர். ஒருவரும் இறங்காமல், போகவும் போகாமல், எதற்காகவோ காத்திருந்தார்கள். ராசு எங்களைப் பார்த்ததும் ஒரு சிரிப்புச் சிரித்தான்.

காட்டுக்குள்ளிருந்து ஒரு குறுக்குப் பாதை அந்த இடத்தில் சாலைக்கு இறங்குகிறது. செங்குத்துப் பாதை, கல்லும் வேருமாக இருக்கும். முதலில் பேச்சுச் சத்தம் கேட்டது. பிறகு ஆட்கள் வந்தார்கள். தலையில் சாமை மூட்டையோடு ஒருத்தி, இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி, கோழியைக் கால் கட்டித் தொங்கவிட்டபடி ஒருவர். அன்றைக்குச் சந்தை நாள். ஒவ்வொருவராக எண்ணினேன். பன்னிரண்டு பேர். கடைசியாக ஆயம்மாள், ஒரு கையால் முட்டியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் ஒவ்வொரு அடியாக வைத்து இறங்கி வந்தாள். அண்ணனைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

“ஒன்னும் பயப்படாதீங்கண்ணா. மூணு நாளும் ஒரு வண்டியில ஒரு ஆளு ஜாஸ்தி போவல. கேமராவுக்கு முன்னாடியே எறங்கிடுறோம், காட்டு வழியா நடந்து இங்க வந்து ஏறிக்கிறோம்.”

நான்தான் கேட்டேன், “எதுக்கு?”

ராசு பெருமையாகச் சொன்னான். “கேமரா மாட்ட வந்தவங்க எங்க வண்டியிலதாம்மா ஏறுனாங்க. போன தபா எவனோ பொய்க் கணக்கு எழுதிட்டான், அத சரிபாக்கத்தான் கேமரான்னு பேசிக்கினு வந்தாங்க. எனக்குச் சுருக்குன்னுச்சி. அண்ணன்தான எங்களுக்காவ எட்டுன்னு எழுதுனது? கேமராவுல இருவது ஆளு தெரிஞ்சா அண்ணன உள்ள தள்ளிடுவாங்கல்ல. ஊரக் கூட்டி சொன்னேன். ஊரு ஒரே பேச்சா பேசிடுச்சி. அண்ணன் எழுதுனது எட்டுன்னா எட்டுதான்.”

“யாரு அந்தப் பாவின்னு ஒங்க வூட்டுல வந்து கேட்டனே, அத மனசுல வெச்சுக்காதீங்கண்ணா” என்றாள் ஆயம்மாள். “அப்புறந்தான் ராசு சொன்னான். எங்களுக்காவப் பண்ணத நாங்க காட்டிக் குடுப்பமா?”

எல்லாரும் சிரித்தார்கள். ஒரு பெரிய காரியத்தை முடித்த சந்தோஷம் அவர்கள் முகத்தில். முட்டிவலிக்காரியும் சிரித்தாள். நான் கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். இது உங்கள் பஸ், உங்கள் கேபிள், அதைத்தானே இப்படிக் காட்டில் இறங்கி நடந்து தொலைத்தீர்கள் என்று. அண்ணன் என் கையைப் பிடித்து அழுத்தினார். பிறகு அவர்களைப் பார்த்து, “ரொம்ப சந்தோசம்மா. ஏறுங்க, சந்தைக்கு நேரமாவுது” என்றார். ஆயம்மாள் ஏறுவதற்குக் கையைக் கொடுத்துத் தாங்கினார். ஜீப் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் புளியமரத்து வேரில் உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

“சொல்லியிருக்கலாமேண்ணா” என்றேன்.

“மூணு நாளு நடந்திருக்காங்க பாப்பா. எனக்காவ நடந்தோம்னு இருக்கிற வரைக்கும் அந்தக் காலு வலிக்காது. வீணா நடந்தோம்னு தெரிஞ்சா வலிக்கும். நீயும் சொல்லாத.”

சிவசங்கர் சாரிடம் நான் சொன்னேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“மொத கணக்கு பொய்னு அவரே எழுதிக் குடுத்தாரு, நம்புனேன். ரெண்டாவது கணக்கு கேமரா எடுத்தது. அதுவும் பொய்னா, மூணாவது எடுக்கச் சொல்லி மேல எந்த மூஞ்சிய வெச்சிகினு கேக்கறது? ஒங்க மலைக்காரங்க நல்லவங்கதான்மா. அத நான் எந்தக் கட்டத்துல எழுதறது?”

அவர் கேட்டதிலும் தப்பில்லை. கோப்பில் ‘இரு முறை கணக்கெடுக்கப்பட்டது, தேவை நிறுவப்படவில்லை’ என்று எழுதி முடித்தார்கள். கிழக்குச் சாலைகளில் இப்போது காலை, மாலை பஸ் ஓடுகிறது. கேபிளும் போட்டாயிற்று. அந்த ஊர்களில் நூறு நாள் வேலைப் படத்தை நின்ற இடத்திலிருந்தே ஏற்றுகிறார்கள்.

இருசப்பன் அண்ணனுக்கு அதற்குப் பிறகு எங்கள் அலுவலகத்தில் வேலை இல்லை. சர்க்கரை ஆலைப் பக்கம் ஒரு லாரி ஷெட்டில் வாட்ச்மேனாகப் போகிறார். கண் இன்னும் மங்கிவிட்டது. மேல்நாவல்பட்டுக்காரர்கள் விட்டார்களா என்றால் இல்லை. ஆபீஸ் நடைமுறை தெரிந்தவர் என்று ஒவ்வொரு தடவையும் பஸ் கேட்டு மனு எழுத அவரிடம்தான் வருகிறார்கள். அவரும் காகிதத்தை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதிக் கொடுக்கிறார். ஒரு நாளைக்கு எத்தனை பேர் போய்வருகிறார்கள் என்பதை இப்போது சரியாக எழுதுகிறார். அந்த மனு திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்கப்பட்டு, சுற்றிச் சுற்றிக் கடைசியில் என் மேஜைக்கு வரும். இரு முறை கணக்கெடுக்கப்பட்டது என்ற பதிலைத் தட்டச்சு செய்வது நான்தான். இதுவரை மூன்று தடவை செய்துவிட்டேன்.

போன மாதம் ஆயம்மாளே நேரில் வந்தாள். மனுவை நீட்டினாள். அண்ணனுடைய கையெழுத்து கோடு தவறி மேலும் கீழுமாக ஓடியிருந்தது. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். மலை ஏறினால் வீங்கிக்கொள்கிறது, மற்றபடி பரவாயில்லை என்றாள். அன்று காலையும் பாறை ஏறிப் படம் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள். பிறகு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

“ஏம்மா, அந்த கேமரா விசயத்துல அண்ணனுக்கு ஒன்னும் ஆவலியே?”

“ஒன்னும் ஆவலம்மா.”

“அது போதும்” என்றாள். “எங்களால அவருக்கு ஒன்னும் வராம பாத்துக்கிட்டோம். பஸ்சு இன்னா, என்னைக்கினா ஒரு நாளு வரும்.”

நான் மனுவை வாங்கிக்கொண்டதற்கான ரசீதில் முத்திரை குத்தி அவளிடம் கொடுத்தேன். அவள் அதை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, வெள்ளிமலை பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறதா என்று கேட்டாள்.